மொட்டை மாடியிலிருந்து கன்டெய்னர் நகர்த்திய ஞாயிறு

என்னைப் பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து எண்ணூர்ப் பக்கத்து கன்டெய்னர் யார்டில் எனக்கு டியூட்டி விழுந்தது. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்க வேண்டும், எந்த லாரியில் ஏற வேண்டும் என்று திட்டம் போடுவது என் வேலை. அன்றைக்கு வர வேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். "வீட்லேந்தே பண்ணும்மா, கனெக்‌ஷன் குடுத்திருக்கோமில்ல" என்றார் மேலாளர். கொடுத்திருந்தார்கள். கட்டை வண்டியையும் வாகனம் என்றுதானே சொல்கிறோம்.

திட்டம் போடும் அந்த மென்பொருள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். ராயபுரத்தில் இருக்கும் என் லேப்டாப்புக்கு அதன் படம் மட்டும் வரும். பாதுகாப்பு என்ற பெயரில் ஒவ்வொரு கோடும் அங்கே பூட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பி, இங்கே வந்து பூட்டைத் திறந்து திரையில் உட்கார வேண்டும். நான் பட்டனைத் தட்டினால் அந்தச் செய்தியும் அதே பூட்டோடு திரும்பிப் போக வேண்டும். எங்கள் வீட்டுக்குள் செல்போனில் பேசலாம், நெட் வராது. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அது மனசு வைத்தால் வரும்.

ஆகவே சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்ததும் பட்டுப் புடவையோடு மாடி ஏறினேன். ஸ்டூலில் லேப்டாப், கையில் குடை. திரையில் ஜன்னல் திறக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு சாம்பல் சதுரம். ரொம்ப நேரம் கழித்து மேலே ஒரு பட்டை. அப்புறம் பாதிப் பெட்டி.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையரான என் அப்பா, பஜ்ஜியைக் கடித்தபடி மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது, காலண்டர் படமா? நவுரவே மாட்டேங்குது."

"நவுருது நைனா, நல்லா பாரு."

"எனக்கு வயசாய்க்கினு கீது. நீயே பாரு" என்று இறங்கிவிட்டார்.

இரண்டு பெட்டிகளை இடம் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கான பட்டனைத் தட்டினேன். அசைவில்லை. மறுபடி தட்டினேன். அப்புறம் கோபம் வந்து சகட்டுமேனிக்குத் தட்டினேன். தட்டியதெல்லாம் வழியில் வரிசை கட்டி நின்றிருக்கிறது. நான் ஓய்ந்தபிறகு ஒவ்வொன்றாக யார்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சற்று நேரத்தில் கிரேன் ஓட்டுபவர் போன் செய்தார்.

"மேடம், இன்னா மேடம் இது? மேல கீற பொட்டிய கீழ வையின்னு ஆர்டர் வருது. வச்சா, அதையே எடுத்து மேல வையின்னு வருது. ரெண்டு பொட்டிய வச்சி ஊஞ்சல் ஆட்டிக்கினு கீறேன். வெளிய லாரிக்காரன்லாம் ஹாரன் அடிச்சே கொல்றானுங்கோ."

"நிறுத்துங்கண்ணா. நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

போனை வைத்த உடனே கீழே அம்மாவின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. ஸ்பீக்கரில் அவர் குரல் மாடி வரை கேட்டது.

"எர்ணாவூராண்ட மாட்டிக்கினோங்க. ரோடு ஃபுல்லா கன்டெய்னர் லாரி. உள்ள யார்டுல எவனோ வேலை தெரியாதவன் பொட்டிய நவுத்தவே மாட்டேங்கிறானாம். வெளங்குவானா அவன்?"

"வெளங்கவே மாட்டான்" என்றாள் அம்மா, மரியாதைக்காக.

எனக்கு வியர்த்துவிட்டது. படமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று ஜன்னலை மூடினேன். கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக அதே விவரங்களை வரவழைத்தேன். எழுத்துக்கு எடை இல்லை, சட்டென்று வந்து விழுந்தது. அதைப் பார்த்துக் கட்டளைகளைத் தட்டினேன். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததா என்று கிரேன்காரரிடம் போனில் கேட்டுக்கொண்டேன். லாரிகள் நகர்ந்தன.

கசங்கிப்போன சட்டைகளோடு மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் முகம் தெரியாத அந்த வேலை தெரியாதவனை மறுபடி சபிக்கத் தொடங்கினார். என் அப்பாவுக்குப் பெருமை பொங்கிவிட்டது.

"அது எவனும் இல்லீங்க. எங்க பொண்ணுதான்!"

பஜ்ஜி மெல்லும் சத்தம் நின்றது. அம்மா மாதா படத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன், வெட்கத்தால் அல்ல.

மாப்பிள்ளை ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருப்பவர். ஏன் அப்படி ஆனது என்று அவர்தான் முதலில் கேட்டார். மாடியில் படம் ஊர்ந்து வருவதைச் சொன்னேன். "அந்தப் படம் எப்டி வருதுன்னு பாக்கலாமா?"

மாடிக்குப் போனோம். அவர் அம்மாவும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினார். மூன்று பேரும் ஒரே குடைக்குள் நின்று சாம்பல் சதுரத்தைப் பார்த்தோம்.

"இன்னும் வரலியா?"

"வந்துக்கினே கீது ஆன்ட்டி."

பாதிப் பெட்டி தெரிந்தபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது. "இதுக்கு நானே போய் அந்தப் பொட்டிய தள்ளிவுட்டு வந்திருப்பேன்" என்றார். முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அப்புறம் அவர் அம்மாவே சிரித்தார். எனக்குத்தான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

படி இறங்கும்போது மாப்பிள்ளை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஞாயித்துக்கெழம டூட்டி அடிக்கடி வருமா?"

"வரும்."

"எனக்கும் வரும்."

சர்ச்சில் கல்யாணம் வைக்காத தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே எங்கள் கல்யாணம் முடிந்துவிட்டது.