ஷூவுக்குள் வைத்த கண் மருந்து

கச்சிபௌலியில் லிஃப்டுக்கு நிற்கும்போது அடையாள அட்டைக்காகச் சட்டைப் பையில் கைவிட்டேன். விரலில் பட்டது அம்மாவின் கண் மருந்து. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் குப்பி. ஊரின் இந்தக் கோடியில், அலுவலகத்தில், நானும் மருந்தும். அந்தக் கோடியில், குஷாய்குடா வீட்டில், சாப்பாட்டு மேசைப் பக்கத்து நாற்காலியில் அம்மா அண்ணாந்து உட்கார்ந்திருப்பாள். மருந்து விடும் நேரம் தாண்டிவிட்டது. கூப்பிட்டிருக்க மாட்டாள். கூப்பிட்டால் எனக்குச் சுருக்கென்று தைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மாவுக்குக் கண்ணில் அழுத்த நோய். காலையும் மாலையும், கண்ணுக்கு ஒரு சொட்டு. விட்டால் இருக்கிற பார்வை இருக்கும். விடாவிட்டால் ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும். வலிக்காது, சொல்லிக்கொள்ளாது, போனது திரும்பாது. இப்போதே பக்கவாட்டில் வைத்த டம்ளரைக் கை தட்டிவிடுகிறது. அவள் கை நடுங்கும், தானே விட்டால் மருந்து கன்னத்தில்தான் வழியும். என் மனைவிக்கு வங்கி வேலை, விஜயவாடாவுக்கு மாற்றல், வார இறுதியில் வருவாள். அம்மாவின் கண்ணுக்கு அந்த இரண்டு நாள்தான் பண்டிகை. மகள் இன்டர் படிக்கிறாள், நம்மூர்ப் பிளஸ் டூ; விடியுமுன் கல்லூரிப் பேருந்தில் ஏறினால் இருட்டித்தான் வீடு. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்கலாமா என்றேன் ஒருநாள். அம்மா பல வருஷமாக இந்த ஊர்ச் சொற்களைத் தன் திருநெல்வேலிப் பேச்சில் போட்டுப் பிசைந்து வைத்திருக்கிறாள். "ஊரான் வீட்டு விரல் என் கண்ணுல நக்கோய்யா, வேண்டாம். நீயே விடு" என்றாள்.

நீயே விடு. என்னிடம் போய்.

ஏடிஹெச்டி என்று நடுவயதில்தான் எனக்குச் சொன்னார்கள். தமிழில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் மனம் வேறெங்கோ போய்விடுகிறது. பெயர் தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று கொஞ்ச காலம் நம்பினேன். கவனம் நிற்க மாத்திரை கொடுத்தார்கள், அதைப் போட மறந்தேன். மென்பொருளுக்கு உதவிக் குறிப்பு எழுதுவது என் வேலை. முதலில் இதை அழுத்துக, பிறகு அதைத் திறக்க. உலகத்துக்கெல்லாம் படிப்படியாய்ச் சொல்லிக்கொடுக்கிறவன் தன் வீட்டில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் வழியில் தொலைந்துபோகிறேன்.

"புதுப் பழக்கத்தைப் பழைய பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்க" என்றார் மனநல ஆலோசகர். நல்ல யோசனை. வீட்டுக்கு வந்து பழைய பழக்கம் ஒன்றைத் தேடினேன். காபியா? பாதி நாள் அது வாஷிங் மெஷின் மேல் ஆறிக் கிடக்கும், யார் வைத்தது என்று நானே கேட்பேன். குளியலா? பல் தேய்ப்பதா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேளையில், எது முன் எது பின் என்றில்லாமல். இத்தனை வயதுக்கு என்னிடம் ஒரு பழைய ஆணிகூட இல்லை, புதிதாய் எதையாவது மாட்டிவைக்க. தினமும் தவறாமல் நடப்பது ஒன்றே ஒன்று. வீட்டை விட்டு ஓடுவது. ஓடுவதற்கு ஷூ வேண்டும். ஆகவே மருந்தை ஷூவுக்குள் வைத்தேன். கால் நுழையாது, மருந்து தடுக்கும், எடுத்துக் கண்ணில் விடுவேன், பிறகு ஓடுவேன்.

கொஞ்ச நாள் அது வேலை செய்தது. அந்தக் கொஞ்ச நாளில் நான் எவ்வளவு கர்வமாக இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் அழுகை வருகிறது. பிறகு அன்று காலை. காலில் தடுத்தது, குப்பியைக் கையில் எடுத்தேன், கம்பெனி வண்டி ஓட்டுநர் ஃபோன் செய்தார். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கயிறு கட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது. குப்பி பைக்குள் போனது. நானும் போனேன்.

லிஃப்ட் வாசலிலிருந்து வீட்டுக்குப் பேசினேன்.

"ம்மா, மருந்து எங்கூட வந்துட்டு."

"தெரியும்யா. பைக்குள்ள போட்டப்பவே பாத்தேன்."

"பாத்தா சொல்ல வேண்டாமா?"

"வண்டிக்காரன் அந்தக் கத்து கத்துதான். நீ எதாவது சாப்பிட்டியா?"

சாயங்காலம் மகளிடம் சொன்னபோது அவள் தலைகூட நிமிரவில்லை. "அப்பா, அலாரம் பெட்டுகோ. சிம்பிள்" என்றாள், பாதித் தெலுங்கில். வைத்தேன். அலாரம் அடிக்கும், கை தானாகப் போய் நிறுத்தும். நிறுத்துவது மட்டும் பழக்கமாகிவிட்டது. அதற்கு எந்த முடிச்சும் தேவைப்படவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு பேகம்பேட்டில் உள்ள கண் மருத்துவமனைக்குப் போனோம். வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டிக். டிக். பிறகு ஒன்றுமில்லை. அந்த இடைவெளியில் எத்தனை புள்ளிகள் மின்னிவிட்டுப் போயிருக்கும் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். கருவி தந்த தாளில், பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்பு உள்நோக்கி நகர்ந்திருந்தது.

மருந்து ஒழுங்காக விடுகிறார்களா என்று டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார்.

"ஹவ் ஹவ். ரோஜூ வேஸ்தாடு மா அப்பாயி" என்றாள் அம்மா. ஆமாம், என் பிள்ளை தினமும் விடுகிறான்.

அப்படியானால் இந்த மருந்து போதவில்லை என்று சொல்லி டாக்டர் இன்னொன்றை எழுதத் தொடங்கினார். மூன்று வேளை. பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் தானாகத் திறந்தது.

"விடுறதில்லை டாக்டர். பாதி நாள் நான் மறந்துடுறேன்."

அவர் எழுதியதை அடித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. போனது போனதுதான், இருப்பதையாவது பாருங்கள் என்றார். பிறகு, "அலாரம் வைங்க சார்."

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"கைக்குய்யா, எதுக்குய்யா சொன்ன?"

"சொல்லலைன்னா இன்னொரு மருந்தும்மா. அதையும் நாந்தான விடணும்."

"அந்தப் பொம்பள ஒன்ன ஒரு பார்வ பாத்தா. அதப் பாக்கவா எனக்குக் கண்ணு?"

கொஞ்ச தூரம் போனதும் அவளே, "மூணு வேளையாம். நீயி, மூணு வேளை" என்று சொல்லிச் சிரித்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்மேல் அவளுக்குக் கோபம் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது கரையேறிவிடலாம் என்று தோன்றியது. அவள் தரமாட்டாள். கண்ணைத் தருவாள், கோபத்தைத் தரமாட்டாள்.

இன்று மாலை அலாரம் அடித்தது. நிறுத்தினேன். அத்தோடு விடாமல் எழுந்தும் போனேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து இப்போது ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. திறந்தேன். பால் பாக்கெட் ஒழுகிக் கீழ்த்தட்டெல்லாம் வெள்ளை. துடைக்கத் துணி தேடி பால்கனிக்குப் போனேன். கொடியில் அம்மாவின் புடவை உலர்ந்துகொண்டிருந்தது, அந்தி வெயில் அதன் ஒரு கரையில் மட்டும், ஓரத்தில் மட்டும் பட்டது. ஒரு வரி வந்தது. வரி போய்விடுமே என்று உள்ளே வந்து உட்கார்ந்தேன். கச்சிபௌலியில் லிஃப்டுக்கு நிற்கும்போது என்று எழுதத் தொடங்கினேன்.

இப்போதுதான் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்கிறது.

"ம்மா?"

"எழுதுய்யா. எழுதி முடி. நான் அண்ணாந்துதான் இருக்கேன், ஒண்ணும் அவசரமில்ல."

நிமிர்ந்து பார்க்கிறேன். ஜன்னலில் வெளிச்சம் எப்போதோ போயிருக்கிறது. அவள் இருக்கும் பக்கம் விளக்குகூடப் போடவில்லை நான்.