கம்பளிக் கோட்டுக்காரர்

எழுபதுகளின் இறுதியில் மட்டாஞ்சேரியில் நான் நடத்திய சாயாக்கடைக்கு, கொளுத்தும் வெயிலிலும் கம்பளிக் கோட்டு அணிந்த ஒருவர் நாள்தோறும் வருவார். இங்கிலாந்தில் ஏதோவொரு சிற்றூரில் வாழ்ந்து திரும்பியவர். தம்ளரைத் தமது கைக்குட்டையால் துடைத்த பின்னரே அருந்துவார். நான் கழுவியது போதாதாம். வாயைத் திறந்தால் அவ்வூர்க் கடைகளின் புகழ்தான்.

“அவிட ரொட்டிக்கடைக்காரி சனிக்கிழமை எனக்குன்னு ஒரு ரொட்டிய வெண்ணெ தடவித் தனியா மாத்தி வெச்சிருப்பா. இங்க ஆரு வெப்பா?”

“பின்ன எதுக்குச் சேட்டா இங்க வந்தீங்க?” என்று ஏளனமாகக் கேட்டேன்.

“அவ மரிச்சுப்போனா. கடையையும் பூட்டிட்டாங்க.”

அடுத்த சனிக்கிழமை, எல்லாம் விற்றுத் தீருமுன் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி ஒன்றை அவருக்கென எடுத்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வெண்ணெ இல்லையோ?” என்றார் அந்த மனிதர்.