சாமியாத்தாளும் ஐரோப்பாவின் ஒற்றைக் காசும்

"ஏனுங், நீங்க ரெண்டு பேரும் ஒரே எலையில சாப்பிடறதுக்கு நாங்க பட்டினி கெடக்கோணுமாக்கும்?"

1998-இல், தசராவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, மைசூரு மண்டி மொஹல்லாவில் ஊதுவத்தி ஏஜெண்ட் மஞ்சுநாத்தின் கடை வாசலில் நின்றுகொண்டு சாமியாத்தாள் கேட்டது இது. ஆயிரம் வத்தி உருட்டினால் பத்து ரூபாய் என்றிருந்த கூலி அன்று காலையில் எட்டாகியிருந்தது. எதிர்ச்சாரியில் இருக்கும் இன்னொரு ஏஜெண்ட் லூர்துராஜிடம் போனால் அங்கேயும் எட்டுதான். நேற்றுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத ஆட்கள், இன்று ஒரே கிளாஸ் காப்பியை ஆளுக்குப் பாதியாக ஊற்றிக் குடிக்கிறார்கள்.

"ஏனு மாடோது சாமியாத்தா, நான் என்ன பண்ணட்டும்? ஐரோப்பா பார்ட்டி ரேட் இறக்கிட்டான்" என்றான் மஞ்சுநாத்.

"அவன் எறக்கினது சரி. உங்க தொப்பைய எறக்கலியே!"

கலவையும் மூங்கில் குச்சியும் வாங்க வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரித்தார்களே தவிர எட்டு ரூபாய்க் கூலிக்கே சரக்கை வாங்கிக்கொண்டும் போனார்கள். சிரிப்பவர்கள் எல்லாரும் கூட வருவார்கள் என்று நினைக்கிற அளவுக்குச் சாமியாத்தாள் முட்டாள் இல்லை.

அவள் அழகியும் இல்லை. கழுத்து நீளம், நாக்கு அதைவிட நீளம். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். புருஷன் கட்டட வேலைக்குப் போவான். வாங்கிய கூலியைச் சாராயக் கடையில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். ஆகவே வந்த மூன்றாம் மாதமே அவள் வத்தி உருட்டும் பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கரிப்பொடிக் கலவையைக் கிள்ளி, குச்சியில் வைத்து, உள்ளங்கையால் ஓர் இழுப்பு. வத்தி முடிந்தது. பதினேழு வருஷமாக அதே இழுப்பு. கை ரேகைக்குள் ஏறிய கறுப்பு எந்த சோப்புக்கும் போகவில்லை. ஜோசியக்காரன் ஒருத்தன் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, முதலில் கழுவிக்கொண்டு வா என்றான். கழுவினதுதான் இது என்று சொல்லி, கொடுத்த ஒரு ரூபாயைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கறுப்பு மகள் காவேரியின் கையில் ஏறக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் பிடிவாதம். காவேரி பத்தாம் வகுப்பு, மார்ச்சில் பரீட்சை. கூலி இரண்டு ரூபாய் இறங்கிய அன்று ராத்திரியே புருஷன் திருவாய் மலர்ந்தான்.

"புள்ளையையும் பலகையில உக்கார வெச்சா சரியாப் போயிரும்."

"உன்னைய உக்கார வெச்சாலும் சரியாப் போகும். உக்காரறயா?"

அவன் படுத்துக்கொண்டான். ஆனால் அவன் சொன்னது தவறில்லை என்று அவளுக்கே தெரியும். எட்டு ரூபாயில் வீட்டு வாடகையும் நகராது, அரிசியும் வராது. தசரா லீவு முடிவதற்குள் கூலி ஏறாவிட்டால் காவேரி பள்ளிக்கூடம் திரும்பப் போவதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் பெட்டி, ஊதுவத்தி ஏற்றுமதி ஆபீசில் டைப் அடிப்பவள். வெளிநாட்டுக் கடிதமெல்லாம் அவள் கண்ணில் பட்டுத்தான் போகும். மறுநாள் சாமியாத்தாள் அவளைப் பிடித்தாள்.

"அம்மிணி, அந்த ஊர்ல அப்படி என்ன எழவு விழுந்துச்சு?"

"அக்கா, அங்க பதினோரு நாடு சேந்து ஜனவரிலேர்ந்து ஒரே காசு கொண்டு வர்றாங்க. யூரோன்னு பேரு. இதுவரைக்கும் நம்ம வத்தி இத்தாலில கூடுன வெல, ஜெர்மனில கொறஞ்ச வெல. காசு வேற வேறயா இருந்ததால யாருக்கும் சட்டுனு தெரியல. இனிமே தெரிஞ்சிடும். அதனால எல்லாரும் கொறஞ்ச வெலைக்கே கேக்கறாங்க."

"அப்ப இத்தன நாளா இத்தாலிக்காரன் தலையில மொளகா அரைச்சிருக்காங்க."

பெட்டி சிரித்தாள். "அதோட, நம்மகிட்ட வாங்கிட்டிருந்த ரெண்டு கம்பெனியும் ஒண்ணாயிடுச்சு. போட்டி இல்லல்ல, அவங்க வெச்சதுதான் வெல."

"இதையெல்லாம் கேக்க அங்க ஆளே இல்லியா?"

"இருக்காங்க அக்கா. பிரஸ்ஸல்ஸ்னு ஒரு ஊர். பெரிய கம்பெனிங்க ஒண்ணு சேரணும்னா அங்க பர்மிஷன் வாங்கணும். போட்டிக்காரங்க கூடிப் பேசி ஒரே வெல வெச்சா அபராதம். ஆனா இந்த மாதிரி சின்னக் கம்பெனியெல்லாம் அவங்க கண்ணுல படாது."

"நம்மூர்ல?"

"டில்லில ஏதோ ஒரு கமிஷன் இருக்காம்."

"வேண்டாம் கண்ணு. டில்லிக்காரன் காயிதம் பாக்கறதுக்குள்ள காவேரி பேத்தி எடுத்துருவா."

அன்று முழுக்க அவள் உருட்டிய வத்தி கொஞ்சம் கோணலாகவே வந்தது. யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு ஏஜெண்டுகள், நன்றாக உருட்டும் பெண்களுக்கு எவர்சில்வர் பாத்திரம் ஒன்று கொடுப்பார்கள். பாசத்தில் இல்லை, கைக்காரி அடுத்த கடைக்குத் தாவாமல் இருக்கத்தான். இந்த வருஷம் இரண்டு பேரும் பேசி அதையும் வெட்டிவிட்டார்கள். ஆளுக்கொரு சாமந்திப்பூ, ஒரு கை பொரி. அவ்வளவுதான்.

விஜயதசமிக்கு மறுநாள், தீபாவளிச் சேலைக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு சாமியாத்தாள் அசோகா ரோட்டுப் பாத்திரக் கடைக்குப் போனாள். பளபளவென்று ஒரு பெரிய எவர்சில்வர் குடத்தோடு திரும்பினாள். குங்குமம் வைத்து, வீட்டிலிருந்த பிளாஸ்டிக் குடத்தை மூலையில் தள்ளிவிட்டு, மஞ்சுநாத் கடைக்கு எதிரே உள்ள குழாயடிக்குக் கிளம்பினாள்.

மஞ்சுநாத் பார்த்தான். கணக்கு நோட்டை மூடினான்.

"ஏனம்மா, கொடம் புதுசா? யார் கொடுத்தாங்க?"

"ஏனுங், எனக்குக் கொடம் வந்தா உங்ககிட்ட எழுதி வாங்கோணுமா?"

"லூர்துராஜா?"

"தண்ணி நின்னுரும், வழிய உடுங்."

திரும்பும்போது எதிர்ச்சாரி வழியாக வந்தாள். லூர்துராஜ் எழுந்தே வந்துவிட்டான்.

"என்னக்கா இது, மஞ்சுநாத் குடுத்தானா? குடுக்கறதில்லைன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணினானே!"

"சத்தியம் பண்ணினது உங்க ரெண்டு பேத்துக்குள்ள. என்னைய ஏனுங் கேக்கறீங்க?"

ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை. மஞ்சுநாத்துக்கு லூர்துராஜைத் தெரியும், லூர்துராஜுக்கு மஞ்சுநாத்தைத் தெரியும், அது போதாதா?

அன்று பொழுது சாய்வதற்குள் மஞ்சுநாத் நாலு வீட்டுக்கு ரகசியமாக எவர்சில்வர் தூக்குப்போசி அனுப்பினான், கூலி ஒன்பது என்று வாய்மொழியாகவும் சொல்லி அனுப்பினான். மறுநாள் லூர்துராஜ் அகலத் தாம்பாளமும் பத்து ரூபாய்க் கூலியும். மூன்றாம் நாள் நடுத்தெருவில் இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"முதல்ல கொடம் கொடுத்தது நீ!"

"நானா? மாதா மேல ஆணை, நீதான்டா!"

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். இரண்டு பேரும் நம்பவில்லை. சாமியாத்தாள் வாசலில் உட்கார்ந்து வத்தியை வெயிலில் பரப்பிக்கொண்டே முழுச் சண்டையையும் பார்த்தாள். கூலி பதினொன்றில் போய் நின்றது. ஐரோப்பாவில் விலை இறங்கியது இறங்கியதுதான்; அந்த நஷ்டத்தை இந்தத் தடவை இரண்டு தொப்பைகளும் பங்கு போட்டுக்கொண்டன.

லீவு முடிந்து காவேரி பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன அன்று பெட்டி வேலியோரம் வந்தாள்.

"அக்கா, சத்தியமா சொல்லுங்க. அந்தக் கொடத்த யார் குடுத்தாங்க?"

"எவனும் குடுக்கல. நாந்தான் வாங்கினேன். கடைக்காரன் எரநூத்தம்பது சொன்னான், எரநூத்து முப்பத்தஞ்சுக்கு முடிச்சேன்."