ஆறு எழுத்து வித்தியாசம்

2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை, காலை ஆறு பத்து. தூறல். பக்கத்து வீட்டு விவசாயி கடப்பாரையை ஊன்றி நொண்டிக்கொண்டே என் வாசலுக்கு வந்து, சங்கிலியில் கிடந்த என் நாயை ஏழு முறை அடித்தார். மூன்றாவது அடியிலேயே மண்டை திறந்துவிட்டது. மீதி நான்கும் எதற்கென்று தெரியவில்லை. என் வேட்டியில் பதினோரு இடத்தில் ரத்தம்.

என் நாய் அவரைக் கடித்தது உண்மை. ஜூனில், இடது கெண்டைக்காலில், நான்கு பல். நாய்க்கடி ஊசியெல்லாம் போட்டுக்கொண்டார். ஆனாலும் புண் சீழ் பிடித்தது. சர்க்கரை வேறு. அரூர் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை சதையை வெட்டி எடுத்தார்கள். இனி மரவள்ளிக் காட்டில் இறங்க அவரால் ஆகாது.

என் மகள் கால்நடைக் கல்லூரியில் கிருமிகளை ஆராய்கிறாள். அதற்காக மே மாதமே எங்கள் தெருவின் ஒன்பது நாய்களுக்கும் வாயில் பஞ்சுக்குச்சி விட்டு எச்சில் எடுத்து வைத்திருந்தாள். புண்ணில் இருப்பது நாய்களிடம் வாழும் பாக்டீரியா என்றால், எந்த நாயுடையது என்று அதன் மரபணுவை மெஷினில் முழுக்கப் படித்துச் சொல்லிவிடலாம் என்றாள். செலவு என்னுடையது என்றேன். செத்த நாய்க்கு எதற்கப்பா என்றாள். நான் விடவில்லை. அவருடைய நாய் கட்டிலடியில் கிடந்து தினமும் அந்தப் புண்ணை நக்குவதை நான் பார்த்திருந்தேன். அவரும் மெஷினே சொல்லட்டும் என்று காலை நீட்டிச் சீழ் கொடுத்தார். சீழ், என் நாய், அவர் நாய்: மூன்று மாதிரிகள் பெங்களூர் போயின.

இருபத்து மூன்றாம் நாள் முடிவு வந்தது. அந்தக் கிருமியின் மரபணுவில் இருபத்தாறு லட்சம் எழுத்து. சீழில் இருந்ததற்கும் என் நாயினுடையதற்கும் ஆயிரக்கணக்கான இடங்களில் வித்தியாசம். அவர் நாயினுடையதற்கு ஆறே இடம். எந்த மருந்து கேட்கும் என்பதை டாக்டரிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், தாளை அவரிடம் காட்ட வேண்டாம் என்றும் மகள் சொன்னாள். அவர் வீட்டுக்கே போய்க் காட்டினேன். தப்புப் பண்ணிவிட்டேன் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டியிருந்தது எனக்கு.

"கடிச்சது உங்க நாய்தானுங்களே, சர்வேயரே?"

"கடிச்சது அது. காலை அழுக வச்சது உங்க நாய்."

"அப்ப ஒண்ணைக் கொன்னது பத்தாதுங்கறீங்க."

கடப்பாரை கட்டிலோரமே இருந்தது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது. முதல் அடி இடுப்பில். அலறிக்கொண்டே முன்னங்கால்களால் உடம்பை இழுத்து வந்து என் இரண்டு செருப்புக்கும் நடுவே தலையை நுழைத்தது. வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் குனிந்து அதைத் தூக்கவில்லை. அங்கேயே வைத்து அடித்தார். பதினான்கு. கடைசி ஐந்துக்கு அதனிடம் சத்தமில்லை. அவருடைய கட்டு அவிழ்ந்து அவர் ரத்தமும் சேர்ந்து ஓடியது.

"இப்ப சரியாப் போச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் யாரும் அதைப் புதைக்க வரவில்லை.

மாதிரி மூன்றுக்கு இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு, கூரியர் அறுநூற்று நாற்பது, பஸ் நூற்று எழுபத்திரண்டு, குழி இரண்டுக்குக் கூலி எண்ணூறு. ஆக முப்பதாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.