ராஜகிரிப் பாலத்தில் ஒருவர்

எண்பதுகளில் ஒரு நாள் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறும்போது அவர் என்னோடு சேர்ந்துகொண்டார். மெட்ராஸ்காரர். கோல்ஃப் மைதானங்களை வரைந்து கொடுப்பது அவர் தொழில். வழியெல்லாம் குடைக்காம்பால் கூழாங்கற்களைத் தட்டிக்கொண்டே வந்தார்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை பிளந்து கிடக்கும். அதன்மேல் குறுகலான மரப்பாலம். அங்கே நின்றுவிட்டார்.

"இந்த மாதிரி பள்ளத்தைத் தாண்டி பந்தை அடிக்க வைக்கிறது ரொம்பப் பழைய டிசைன். இன்னும் அதைத்தான் கேக்கறாங்க. பயம் சலிக்கிறதே இல்ல. ஆனா பயந்தவன் சுத்திப் போக ஓரமா ஒரு வழி விட்டிருப்போம். இங்க அது எங்க?"

"இங்க கெடையாது சார். எதிரி சுத்தி வந்துடக் கூடாதுன்னுதான பாலத்த மட்டும் வச்சிருக்காங்க."

அவர் முகம் வெளுத்தது. காற்றில் பலகை கிறீச்சிட்டது. என் சட்டையைப் பின்னாலிருந்து பற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி வந்தார். அவருடைய நடுக்கம் தொற்றி, பலமுறை கடந்த எனக்கே கால் கூசியது. கீழே பார்த்துவிட்டேன்.

மறுபக்கம் சேர்ந்தும் சட்டையை அவர் விடவில்லை. திரும்பிப் பாலத்தையே பார்த்தார்.

"இன்னொரு வாட்டி போய்ட்டு வரலாமா?"

பாலத்தில் முதலில் கால் வைத்தது நான்தான்.