உம்மாவின் இத்தாவும் தங்கச்சி மாற்றிய குழாயும்

என் தங்கச்சி பஹ்மிதா தையல்காரி. குறிஞ்சிப்பிட்டியில் பள்ளிக்கூடச் சீருடை தைக்க அவளிடம்தான் வருவார்கள். ஒரு தையல் கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள்.

வாப்பா மௌத்தான பிறகு உம்மா, கணவனை இழந்தவர் தனித்திருக்கும் இத்தாவில் இருந்தார். பிற ஆண்களின் பார்வையில் படாமல் தன் அறையிலேயே நாட்களைக் கழித்தார். குளியலறைக்கு அந்த அறை வழியாகத்தான் போகவேண்டும். அங்கே குழாய் ஒழுகத் தொடங்கியது. எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு பித்தளையையும் தின்றுவிடும். குழாய் வேலை செய்யும் நௌஃபர் வந்தால் உம்மாவின் கட்டிலைத் தாண்டித்தான் போகவேண்டும். உம்மா ஒழுக்குக்குக் கீழே வாளியை வைத்தார்.

"நான் மாத்துறேன்" என்றாள் பஹ்மிதா.

"ஒனக்குத் தெரியுமா?"

"சட்ட தைக்கிறதும் பொறக்கக்குள்ளயே தெரியுமா ராத்தா?"

ஹாட்வெயார் கடையில் புதுப் பிளாஸ்டிக் குழாயும், குழாயின் திருகு மரையில் சுற்றும் வெள்ளை டேப்பும் வாங்கி வந்தாள். கூரையில் ஏறித் தண்ணீர்த் தாங்கியின் வால்வைத் திருகி மூடினாள். இறங்கி வந்து, தண்ணீர் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று குழாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

பழைய குழாய் கழன்றதும் சுவரிலிருந்து தண்ணீர் அவள் நெஞ்சில் அடித்தது. வால்வின் உட்பக்கத்தை உப்பு தின்றிருந்தது. திருகு சுற்றியதே தவிர, அடைக்கவில்லை. உள்ளங்கையால் பொத்தினாள். விரலிடுக்கால் பீறியது. புதுக் குழாயை வைத்துத் திருகினாள். தண்ணீர் அதைத் தள்ளித் தள்ளி விட்டது. டேப்பும் உரிந்து தொங்கியது. பொபினில் நூல் சுற்றிப் பழகிய கை, அதே பழக்கத்தில் திருகும் திசைக்கு மாறாகச் சுற்றியிருந்தது.

தண்ணீர் வாசற்படியைத் தாண்டி உம்மாவின் அறைக்குள் வந்தது. தொழுகைப் பாயைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். அன்று மாலைவரை கரண்ட் இல்லை. தாங்கி காலியானால் மோட்டார் போட்டு நிரப்பவும் முடியாது.

உம்மா எழுந்து நின்றார்.

"நௌஃபரக் கூப்பிடுங்க. நான் அடுப்படிக் குசினிக்குள்ள போய் இருக்கிறேன்."

நான் போனை எடுத்தேன்.

"வைங்க அத!" பஹ்மிதா கத்தினாள். "டேப்ப எடுங்க ராத்தா. நான் சுத்தினதுக்கு மத்தப் பக்கமாச் சுத்துங்க. திருகக்குள்ள இறுகணும், உரியக்கூடா."

எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கொடுத்தேன். அவள் உடனே பூட்டவில்லை. குழாயையே பார்த்தாள்.

"மூடி வெச்சிக்கிட்டு அமத்தினா தண்ணி எங்கால போகும்? பைத்தியக்காரி நான்."

குழாயை முழுவதுமாகத் திறந்தாள். திறந்தபடியே சுவரில் பொருத்தினாள். தண்ணீர் குழாயின் வாய் வழியாக ஓடியது, முன்போல் தள்ளவில்லை. மரை பிடித்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"இன்னும் இறுக்கு!"

"பிளாஸ்டிக் ராத்தா. வெடிச்சா அவ்வளவுதான்."

பிறகு மெல்ல மெல்லக் குழாயை மூடினாள். ஓசை நின்றது. சுவரோரம் ஒரு துளி திரண்டது. ஸ்பேனரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் திருகி, விரலால் துடைத்தாள். மறுபடி துளி வரவில்லை.

"நௌஃபருக்குச் சொல்லிட்டியா?" என்றார் உம்மா.

"இல்லும்மா."

"அவர் நாளைக்கு வரட்டும்" என்றாள் பஹ்மிதா. "கூர வால்வு வெளியதானே. ஏணி வெச்சு மாத்திட்டுப் போகட்டும்."

உம்மா அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"குளிச்சு முடிஞ்சா வெளிய வா மகள். அசர் தொழணும், கை கால் கழுவி வுளு எடுக்கணும்."

கதவு சாத்தப்பட்டது. ஈரச் சட்டையோடு பஹ்மிதா வெளியே காதைக் கொடுத்து நின்றாள். உள்ளே குழாய் திறந்தது, ஓடியது, நின்றது. அதன் பிறகுதான் உடுப்பு மாற்றப் போனாள்.