தொடாமல் இருக்கத் தெரியாதவர்

அந்த உணவகத்தில் அவரை ‘சூட்டுக்காரர்’ என்பார்கள். கோபக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பரிமாறும் தொழிலில் இருபது வருஷம், ஒருவரிடமும் முகம் சுளித்ததில்லை. சமையலறை ஜன்னலில் ஒரு தட்டு அரை நிமிஷம் காத்திருந்தால், சூடு ஆறிவிடுமே என்று அவருக்குக் கை பரபரக்கும். அடுத்தவர் மேசைத் தட்டானாலும் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார். தங்கையின் கணவரை அங்கேயே சர்வராகச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அந்த மாப்பிள்ளைக்கு ஓட்டம் வராது, பேச்சு வரும்.

போன மாதம் முதலாளி ஒரு ரோபோவைக் கொண்டுவந்து இறக்கினார். மார்பளவு உயரம், மூன்று அடுக்குத் தட்டு, சிரிக்கிற மாதிரி இரண்டு கண். பத்து நாள் சோதனை. தேறிவிட்டால் இரண்டு சர்வர்களில் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

“மச்சான், நாம கை வைக்காம இருந்தாலே போதும். அது தானா மானம் கெட்டுப் போயிடும்.”

“சத்தியமா தொட மாட்டேன் மாப்பிள்ளை.”

முதல் நாளே அது தரையில் கிடந்த ஒரு கைப்பையின் முன்னால் நின்றுவிட்டது. ‘தயவுசெய்து வழிவிடுங்கள்’ என்று பையிடம் கெஞ்சியது. பைக்கு ஏது காது? அடுக்கில் இருந்த சூப்பின் ஆவி மெலியத் தொடங்கியது. சூட்டுக்காரர் மேற்கூரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு போகிற போக்கில் பையைக் காலால் ஒதுக்கிவிட்டார். மறுநாள் ஒரு நாற்காலி. அதற்கடுத்த நாள் ஒரு குடை.

“என்ன மச்சான் இது?”

“சூப் என்ன பாவம் பண்ணுச்சு, மாப்பிள்ளை?”

பத்தாம் நாள் முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஒரு தட்டுகூடத் தாமதமில்லை. ரோபோ தேறியது, மாப்பிள்ளை தான் எழுதாத பரீட்சையில் தோற்றார்.

சூட்டுக்காரர் முதலாளியிடம் ஓடினார். “ஐயா, அதுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் வழி பண்ணிக் குடுத்தேன்.”

“பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். அதனாலதான் உங்களை வெச்சுக்கிட்டேன்.”

“அப்போ என்னை அனுப்பிட்டு அவரை வெச்சுக்குங்க.”

“அவர் நகர்த்த மாட்டாரே!”

மனிதன் இல்லாமல் இயந்திரத்தால் முடியாது என்று நிரூபித்தவர் அவர்தான். நிரூபணத்தின் விலையை வேறொருவர் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது மாப்பிள்ளை.

“உங்க வேலையை எனக்கு விட்டுத்தரச் சொல்லல, மச்சான். பத்தே நாள், கையைக் கட்டிக்கிட்டு சும்மா நிக்கச் சொன்னேன்.”

சூப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளைக்குப் பின்னால் தங்கை நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் படியிறங்கினார்.